மேலே 64, கீழே 72

ரிட்டயர் ஆனவர்களில் சில வகை உண்டு. காலையில் கோயில், மாலையில் கோயில் வாசல் என்று இருப்பவர் ஒரு வகை. ஊரில் யார் இடம் விற்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துத் திரிபவர் இன்னொரு வகை. மூன்றாவது வகையை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கையில் ஒரு மீட்டர் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. பி.பி. மெஷின் வாங்கி, வீட்டுக்கு வந்த சம்பந்தியின் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றுவார்கள். மொட்டைமாடியில் குப்பி வைத்து மழையை மில்லிமீட்டரில் அளந்து, டீக்கடையில் வானிலைச் செய்தியோடு சண்டைக்குப் போவார்கள். இவர்கள் தெருவுக்குள் நுழையும்போது பால்காரர் குலசாமியை ஒரு தரம் நினைத்துக்கொள்வார்.

எழுமலையில் இருக்கும் என் மாமா இந்த மூன்றாவது வகை. கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுத்தே முடி நரைத்தவர். வீட்டு வாசலில் ஏறி, அண்ணாந்து பார்த்து, வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் எந்த வீட்டுப் பெண்ணாவது, “என்னங்க, போன தடவையை விட இவ்வளவு கூடியிருக்கு?” என்று கேட்டால், அவரிடம் ஒரே பதில்தான். “மீட்டரு பொய் சொல்லாதும்மா.” இந்த வாசகத்தை நினைவில் வையுங்கள்.

ரிட்டயர் ஆகி ஆறு மாசம் மாமா அளக்க ஒன்றுமில்லாமல் இளைத்துப்போனார். அப்போதுதான் கப்பலில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தவன், அப்பாவுக்கென்று ஒரு பெட்டி கியூபா சுருட்டு கொண்டுவந்தான். எண்ணி 25. தங்க நிற வளையம் போட்டு, ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

மாமா சுருட்டைத் தொட்டுப் பல வருஷமாகிறது. உசிலம்பட்டியில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, “இதுக்கு மேல ஒண்ணு இழுத்தாலும் என்கிட்ட வராதீங்க” என்று சொன்ன நாளோடு சரி. மகனுக்கு அது தெரியாது. தெரியாத பிள்ளையிடம் சொல்லி அவன் முகத்தை வாடவைக்க மாமாவுக்கு மனசில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்.

“கியூபாக்காரன் என்ன மாப்ள பெரிய ஆளு? இங்கிலீஷ்ல செரூட்டுங்கிறானே, அந்தப் பேரே நம்ம சுருட்டுதான்” என்று தொடங்கினால் மாமாவை நிறுத்த முடியாது. ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தயாரித்துச் சீமைக்கு அனுப்பியது. வேடசந்தூரில் 1948ல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1887ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்து, பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். இதையெல்லாம் மாமா சொல்லும்போது, கொலையைக் கண்டுபிடித்ததே உறையூர்க்காரர் என்பதுபோலத் தோன்றும்.

ஆனால் திண்டுக்கல் சுருட்டுக்கு ஒரு குணம். அதை வேட்டி மடிப்பில் செருகலாம், காதில் வைக்கலாம், அடுப்படிப் பரணில் எறியலாம். மாமாவின் அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். கியூபா சுருட்டு அந்த ஜாதியில்லை. காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மேல் இலை வெடிக்கும், கூடினால் பூசணம். போதாக்குறைக்கு, 25 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் முட்டை பொரித்துப் புகையிலை வண்டு வெளியே வரும். எழுமலை 25 டிகிரிக்குள் அடங்குவது மார்கழி விடியலில் கொஞ்ச நேரம். மேற்கே மலை நிற்பதால் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கமே இறங்கிவிட, ஆடி மாசத்தில் இந்தப் பக்கம் வருவது வறட்டுக் காற்று மட்டும். உதடு வெடிக்கிற ஊரில் சுருட்டு வெடிக்காமல் இருக்குமா?

மகன் போனில் இதைச் சொல்லி முடித்தபோது மாமாவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. அளப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

கம்ப்ரஸர் போன பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று தாழ்வாரத்தில் கோழி அடையக் கிடந்தது. கோழியைக் கிளப்பினார். கதவின் ரப்பர் நன்றாக இருந்தது, காற்றுப் போகாது. சீமையில் சுருட்டு வைக்கும் பெட்டியைச் செடார் பலகையில் செய்வார்களாம். அந்த மரம் வேப்பமரத்தின் குடும்பம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். அத்தை உடனே, “நெல்லுக் குதிருக்குள்ள எங்காத்தா வேப்பிலை போட்டப்ப நீங்கதான் சிரிச்சீங்க” என்றாள். மாமா அதைக் காதில் வாங்காமல் தச்சரிடம் போய் வேப்பம்பலகையில் இரண்டு தட்டு அடித்துவந்தார். ஒரு வாரத்தில் சுருட்டெல்லாம் கசந்துவிடுமோ என்று பயந்து, நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டினார். ஈரத்துக்கு, சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்ச், அதில் பேட்டரித் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பு படியும். மேல்தட்டில் ஒரு மீட்டர், கீழ்த்தட்டில் ஒரு மீட்டர். கதவின் உள்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, நூலில் கட்டிய பேனா.

வண்டு முட்டையை ஒழிக்கச் சுருட்டை மூன்று நாள் உறையவைக்க வேண்டும் என்ற கட்டம் மட்டும் சிக்கலானது. அதற்கு ஓடுகிற ஃப்ரிட்ஜ் வேண்டும். அது அத்தையின் ஆட்சிப் பகுதி. கியூபா சுருட்டு பாலிதீன் பைக்குள் மூட்டை கட்டப்பட்டு, அயிரை மீனுக்குப் பக்கத்தில் மூன்று ராத்திரி தங்கியது. இந்தக் கௌரவம் வேறெந்தக் கியூபா சுருட்டுக்கும் கிடைத்திருக்காது.

நான் போன அன்றைக்கு மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

“மாப்ள, தூக்கமே இல்லடா. இங்கிட்டு ஒண்ணு காட்டுது, அங்கிட்டு ஒண்ணு காட்டுது. மேல 64, கீழ 72.”

“ஸ்பாஞ்ச் கீழே இருக்கே மாமா, அதனால கீழே ஈரம் கூட இருக்கும்.”

“அதான் இல்லைங்கிறேன். ஈரக்காத்து வறண்ட காத்தை விட லேசு, தெரியுமா? மேலதான் ஏறணும்.” இது உண்மைதான். ஈரத்துணி கனக்கும், ஈரக்காற்று கனக்காது. “பின்ன ஏன்னா, தாழ்வாரத்துத் தகரம் காயுதுல்ல, மேல்தட்டுச் சூடு. கீழ சிமிண்டுத் தரை, குளிர்ச்சி. ஒரே அளவு தண்ணிதான், சூடான இடத்துல சதவீதம் குறைச்சலா காட்டும். கலக்கி விடணும்டா.”

கலக்கிவிட என்ன வழி? காத்தாடி. தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து உள்ளங்கை அகலக் காத்தாடியைக் கழற்றி, பழைய 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, கீழ்த்தட்டில் பொருத்தினார். நேரே சுருட்டின் மேல் வீசினால் ஒரு பக்கம் காய்ந்துபோகும் என்று, சுவரைப் பார்த்து வீசச் செய்தார். காத்தாடி ஈரத்தை உண்டாக்காது, குறைக்காது. உள்ளதைப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவே. ரெண்டு வாட்ஸ். ரெண்டு மாசத்துக்கு மூணு யூனிட்டுக்குள் அடங்கும், முதல் நூறு யூனிட் இலவசம் என்றும் கணக்குச் சொன்னார்.

மறுநாள் மேலே 65, கீழே 72.

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே கூடியதே, கீழே ஏன் குறையவில்லை? மேல்தட்டிலும் ஒரு காத்தாடி போட்டார். 65, 72. மணிக்கு ஐந்து நிமிஷம் மட்டும் ஓடும்படி டைமர் வைத்தார். 65, 72. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு தாழ்வாரத்தில் நிற்பார். கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு காத்தாடி உறுமும் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அப்பத்தா, “பெட்டிக்குள்ள என்னத்தையோ வளர்க்கிறாரு” என்று தெருவில் சொல்லிவிட்டது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தின. கோழி மட்டும் பழைய உரிமையில் வந்து கதவைக் கொத்திவிட்டுப் போகும்.

முடிச்சை அவிழ்த்தது கடைசியில் உப்பு. ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் களிபோல ஆகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் மீட்டரோடு ஒரு ராத்திரி வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75ல் நிற்கும். யார் வீட்டு உப்பானாலும் 75தான். அத்தையிடம் உப்பும் டப்பாவும் இரவல் வாங்கி, இரண்டு மீட்டரையும் உள்ளே வைத்தார் மாமா.

காலையில் திறந்தால், மேல்தட்டு மீட்டர் 72. கீழ்த்தட்டு மீட்டர் 79.

மாமா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்று மூன்று குறைத்துக் காட்டுகிறது, மற்றது நான்கு கூட்டிக் காட்டுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் மேலேயும் 68, கீழேயும் 68. முதல் காத்தாடி சுற்றிய அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கு முன்னால் உண்மையில் இருந்த வித்தியாசமும் ஒன்றே ஒன்றுதான்.

அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எத்தனை வீட்டுப் பொம்பளைங்க கேட்டாளுகளோ, பாவம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த சுருட்டை யார் பிடிப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் எழவே இல்லை. இந்த வகை மனிதர்களின் இலக்கணமே அதுதான். குடை வைத்திருப்பவர் நனையாமல் இருப்பார். மழைமானி வைத்திருப்பவர் நனைந்துகொண்டே எழுதுவார்.

மாசிப் பச்சைக்குக் குலசாமி கும்பிடப் போனோம். கருப்பசாமிக்குப் படையல் போட்டபோதுதான் சுருட்டு வாங்க மறந்தது தெரிந்தது. சிவராத்திரி ஜனத்தில் சுற்றுப்பட்டிக் கடைகளில் ஒரு சுருட்டு மிச்சமில்லை. அத்தை அசராமல் முந்தானையிலிருந்து ஒன்றை எடுத்து இலையில் வைத்தாள். தங்க வளையம் மின்னியது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். சாமி முன்னால் என்ன பேச முடியும்?

சாமியாடி அதைப் பற்றவைத்து, அரிவாளை ஊன்றிக்கொண்டு, கடைசி வரை இழுத்தார். நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை. சாம்பல் இரண்டு விரற்கடைக்கு உதிராமல் நின்றது. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, திருநீறு வாங்கக்கூடத் தோன்றாமல், அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி மலையேறியதும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சாமியாடியின் பக்கத்தில் மெதுவாகப் போய் உட்கார்ந்தார்.

“தம்பி, அந்தச் சுருட்டு எப்படிப்பா இருந்துச்சு? பதமா இருந்துச்சா?”

“எந்தச் சுருட்டுண்ணே?” என்றார் அவர். “சாமி வந்துட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதே.”

ஃப்ரிட்ஜ் கதவில் அட்டை இன்னும் தொங்குகிறது. அன்றைய தேதிக்கு நேரே, ‘சாமிக்கு 1, மீதி 24’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் வழக்கம்போல மேலே 65, கீழே 72. இரண்டும் 68தானே, அதையே எழுதலாமே என்று கேட்டேன். மாமா முறைத்தார்.

“ரீடிங்குன்னா காட்டுறதைத்தான் எழுதணும் மாப்ள.”