கைக்கு மட்டும் லீவு

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மறைமலை நகர் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று பாருங்கள். கையை உபயோகிக்காமல் போன் பேசும் கலை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது புரியும்.

முதலில் வருபவர் ஹெல்மெட்காரர். போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகியிருப்பார். செலவு பூஜ்யம், சார்ஜர் தேவையில்லை, தலைக்கவசச் சட்டத்தையும் மதித்தாயிற்று. போலீஸ்காரர் கை காட்டினால், "இரு மாப்ள, சார் நிக்கச் சொல்றாரு" என்று போனுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் ஓரங்கட்டுவார். அடுத்தவர் தோள்பட்டைக்காரர். பெரும்பாலும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கி இடுக்கி, போன் இல்லாதபோதும் கழுத்து அந்தப் பக்கமே நிற்கும். மூன்றாமவர் ஸ்பீக்கர்காரர். போனை வாய்க்கு நேரே படுக்கவைத்துப் பிடித்து ஒற்றைக் கையில் ஸ்கூட்டர் ஓட்டுவார். மனைவியின் வளையல் எந்த வங்கியில் எவ்வளவுக்கு இருக்கிறது என்பது காட்டாங்குளத்தூர் வரை எல்லோருக்கும் தெரியும்.

இவர்கள் பாமரர்கள். நான் சொல்ல வந்தது நான்காவது ரகத்தைப் பற்றி. படித்தவர், பொறுப்பானவர், கார் வைத்திருப்பவர். வண்டி ஓட்டும்போது போனைக் கையால் தொடவே மாட்டார். தொடாமல் பேசுவதற்கு உலகில் எந்தக் கருவி சிறந்தது என்ற ஆராய்ச்சியில் வருஷக்கணக்காக இருப்பவர். சிங்கப்பெருமாள் கோயில் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எனக்கு வாய்த்தவர் குவாலிட்டி சார். இந்தப் பக்கத்தில் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. ஸ்டோர்ஸ் அண்ணன், பி.பி.சி. சார், ஹெச்.ஆர். மேடம் என்று இலாகாதான் பெயர். இவர் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். எனக்கும் அந்தப் பக்கமே வேலை என்பதால் அவர் காரின் இடது சீட் எனக்கு.

அவர் ஏன் ஓட்டும்போதே பேச வேண்டும் என்று கேட்பவர்கள் கார் தொழிலை அறியாதவர்கள். பெரிய ஆலைகள் எதையும் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. இங்கிருந்து போகும் பாகம் நேரே அங்கே லைனுக்குப் போகும். இங்கே ஒரு லாட்டில் கோளாறு என்றால் அங்கே லைன் நிற்கும். லைன் நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் டெபிட் நோட் வரும். ஆகவே குவாலிட்டி சாரின் போன் அடித்தால் அது ஒருவேளை பத்து லட்ச ரூபாய்க் குரலாக இருக்கலாம். பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பெண்தான். ஆனால் எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

கருவி தேடலை அவர் எக்செல் ஷீட்டில் தொடங்கினார். நெக்பேண்ட், ஒற்றைக் காது ஹெட்செட், இரட்டைக் காது பட்ஸ், சன் வைசரில் மாட்டும் ஸ்பீக்கர், சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். கருவி என்று இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகள். தொழிற்சாலையில் எந்தக் கோளாறையும் மூன்று விதமாக மதிப்பிடுவார்கள். வந்தால் எவ்வளவு மோசம், எத்தனை தடவை வரும், வருமுன் கண்டுபிடிக்க முடியுமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் ஒரு எண் போட்டுப் பெருக்கினால் ஆபத்தின் அளவு கிடைக்கும். 'நடுவழியில் பேட்டரி தீர்ந்துபோதல்' என்பதற்கு சார் 8, 6, 7 போட்டுப் பெருக்கி 336 என்று சிவப்பு அடித்திருந்தார். 'காதிலிருந்து கழன்று விழுதல்' 210. 'முன்னால் போகும் கன்டெய்னர் திடீரென்று பிரேக் அடித்தல்' என்ற வரிசை ஷீட்டில் எங்கேயும் இல்லை. கேட்டேன். "அது டிவைஸோட ஃபெயிலியர் இல்லையே சார்!" என்றார்.

முதலில் வாங்கியது எஃப்.எம். கருவி. போனில் வரும் குரலை அது எஃப்.எம். அலையாக மாற்றிக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும். 87.5க்கும் 108க்கும் நடுவே காலியான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். சென்னை வானில் காலி மனை கிடைப்பது அவ்வளவு சுலபமா? 91.1, 92.7, 93.5, 98.3, 106.4 என்று எல்லாவற்றிலும் குடியிருக்கிறார்கள். சார் தேடிப் பிடித்துக் கீழே 90.4ல் குடியேறினார். மறைமலை நகரில் நன்றாகத்தான் கேட்டது. ஒரு நாள் தாம்பரம் போகும் வழியில் பொத்தேரி தாண்டும்போது, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியும் அதே 90.4 என்பது தெரிந்தது. வாடிக்கையாளர் கோபமாக, "போன வாரம் அனுப்பின லாட்டை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்க, ஒரு மாணவி கனிவாக, "நன்றாகக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்" என்றாள்.

அடுத்து நெக்பேண்ட். எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் கேட்கவில்லை. சார் உடனே ஐந்து 'ஏன்' கேட்டார். அவர்கள் கம்பெனியில் எந்தக் கோளாறுக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பார்கள். குரல் ஏன் கேட்கவில்லை? காற்று இரைச்சல். ஏன்? ஜன்னல் திறந்திருக்கிறது. ஏன்? ஏ.சி. போடவில்லை. ஏன்? ஏ.சி. போட்டால் மைலேஜ் குறையும். குறைந்தால் ஏன் கவலை? பெட்ரோல் விலை. ஆக மூலகாரணம் மத்திய அரசிடம் இருப்பதால், அதைத் திருத்துவது தம் அதிகார வரம்பில் இல்லை என்று கோப்பை மூடிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டார்.

ரிச்சி தெருவில் நாங்கள் நுழைந்த கடை நாலடி அகலம். கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம்.

"நாய்ஸ் கேன்சலேஷன் உள்ளதா காட்டுப்பா."

"எந்த நாய்ஸ் சார்? உங்க காதுக்கு வர்றதா, அவங்க காதுக்குப் போறதா?"

சார் திகைத்துவிட்டார். பையன் சாவகாசமாக விளக்கினான். "ஏ.என்.சி.ன்னு போட்டிருந்தா, வெளிச் சத்தம் உங்க காதுக்கு வராது. பாட்டு கேக்க நல்லா இருக்கும். ஈ.என்.சி.ன்னு போட்டிருந்தா, உங்க மைக்குல சுத்துப்பட்டு சத்தத்தைக் குறைச்சு உங்க குரலை அனுப்பும். நீங்க பேசறதுக்கு வேணும்னா ஈ.என்.சி.தான். இது தெரியாமத்தான் சார் பாதிப் பேரு காசு குடுத்து ஏ.என்.சி. வாங்கிட்டுப் போயி, 'ஹலோ ஹலோ'ன்னு கத்திட்டு இருக்காங்க."

"ரெண்டும் இருக்கறதைக் குடு."

"வண்டியிலயா போடுவீங்க? ஏ.என்.சி. போட்டுக்கிட்டு ஓட்டுனா லாரிக்காரன் ஹாரன் அடிச்சா கேக்காது சார்."

"அதைத்தானப்பா நானும் கேக்கறேன்!" என்றார் சார் ஆனந்தமாக.

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

கையில்லாமல் பேசும் இந்த விஷயத்தில் ஊர்ப்பெருமை ஒன்றும் அடங்கியிருக்கிறது. 2013ல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தபோது அதில் 'சிங்க்' என்று ஒரு வசதி இருந்தது. போனை இணைத்துவிட்டால், வாயால் சொன்னாலே காரே எண்ணை அழைக்கும். அந்தக் காரைச் செய்தது இதே மறைமலை நகரில்தான். ஆலை 2022 ஜூலையில் கடைசிக் காரை அனுப்பிவிட்டு நின்றது. ஊரே கையில்லாமல் பேசும் காரைச் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்திலும் நம் சார் ஓட்டியது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. அதில் வாயால் சொன்னால் எதுவும் நடக்காது. சில நாள் சாவியால் சொன்னாலும் நடக்காது.

அந்தக் குறையைப் போக்க, போனிலேயே குரல் வசதியைப் பழக்கினார். "கால் பெயின்ட் ஷாப்" என்று ஆணையிட்டால் அது பெரியப்பாவை அழைத்தது. குரலைக் கவனிக்கும் பழக்கம் இல்லாத சார் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். "நேத்து நைட் மூணு பீஸ் போச்சு. காலையில ரெண்டு. நீங்க அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" பெரியப்பாவுக்கு எண்பது வயது. யார் வீட்டில் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று புரியாமல், மாலைக்குள் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

சட்டம் அவருக்கு மனப்பாடம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தம். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால் ஆபத்தாக ஓட்டிய குற்றம். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 10,000. "கவனிச்சீங்களா சார்? சட்டம் கையைத்தான் கேக்குது. காதைக் கேக்கல, மூளையைக் கேக்கல" என்பார். மூளையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். டொரன்டோவில் 699 ஓட்டுநர்களின் போன் கணக்கை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டு 1997ல் வெளியிட்டார்கள். பேசும் நேரத்தில் மோதும் வாய்ப்பு நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியதால் அந்த ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

சார் சிறிதும் அசரவில்லை. "1997ல புளூடூத்தே மார்க்கெட்டுக்கு வரல. அதோட அவங்க ரோட்டுல வலது பக்கமா போறவங்க. அந்த டேட்டா நம்ம கண்டிஷனுக்கு வேலிடேட் ஆகாது சார்."

எனக்கு ஆய்வெல்லாம் வேண்டாம், இடது சீட்டே போதும். ஒரகடம் ரோட்டில் ஒரு டிரெய்லர் சிக்னல் போடாமல் ஒடித்தால், சாரோடு பேசிக்கொண்டிருக்கும் நான் பாதி வார்த்தையில் வாயை மூடிவிடுவேன். கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கும். போனில் இருப்பவருக்கு டிரெய்லர் தெரியாது. "லாட் நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்று விடாமல் கேட்பார். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதையும் சோதித்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டு ஆளோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சொன்ன இடத்தில் சரியாகத் திரும்பினார்கள். போனில் பேசியவர்களில் பலர் திருப்பத்தையே கோட்டைவிட்டார்கள். எங்கள் காரிலும் அது நடந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரகடத்துக்குத் திரும்ப வேண்டியவர் நேரே போனார். மஹிந்திரா சிட்டி வாசல் வந்தது, பேச்சு முடியவில்லை. பரனூர் சுங்கச்சாவடியும் வந்தது. ஃபாஸ்டேகில் பணம் பிடித்த செய்தி வந்து 'டிங்' என்ற பிறகுதான் பேச்சு நின்றது. அன்று எக்செல் ஷீட்டில் புதுக் குறிப்பு ஏறியது: 'திருப்பத்தை நினைவூட்டும் வசதி கருவியில் இல்லை. என்.ஜி.' தேறாத பாகத்துக்கு இங்கே எல்லாக் கம்பெனியிலும் போடும் முத்திரை அது.

திருப்பத்தைத் தவறவிடாத நாளிலும் நிம்மதி கிடையாது. சிங்கப்பெருமாள் கோயிலில் குடிகொண்டிருப்பவர் பாடலாத்ரி நரசிம்மர். அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் நாமத்தை விலக்கி தீபம் காட்டும்போது பார்க்கலாம். சார் பக்திமான். அந்த இடம் வந்ததும் கோயில் இருக்கும் திசை பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பேச்சு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முழுமையான ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்பது அந்த இரண்டு விநாடிதான். அப்போது காரை ஓட்டுவது அந்த மூன்றாவது கண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாரின் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியை எடுக்குமுன் போனை அணைத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுவார். "அவசரமா யாராச்சும் கூப்பிட்டா?" என்று கேட்டேன். "உள்ள நாப்பது பேரு உக்காந்திருக்காங்க சார். எவன் கூப்பிட்டாலும் அவன் நாப்பத்தோராவது ஆளுதான்" என்றார். இதை நான் சாரிடம் சொன்னபோது, "அவருக்கென்ன, கஸ்டமர் கிடையாது" என்று தள்ளிவிட்டார்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை தேர்வு முடிந்தது. வைசரில் மாட்டும் ஸ்பீக்கர், இரண்டு மைக், இரைச்சல் குறைக்கும் வசதி, இருபது மணி நேரம் தாங்கும் பேட்டரி, விலை நாலாயிரத்துச் சொச்சம். சார் ஏ.சி.யையும் போட்டார். இந்த நாளுக்கு மைலேஜைப் பலி கொடுக்கலாம் என்று தீர்மானித்திருந்தார். மேம்பாலம் ஏறும்போது போன் அடித்தது. டிப்ளமோ முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பையன்.

"குட் மார்னிங் சார். டிரைவிங்கா சார்?"

"ஆமாம்ப்பா, சொல்லு. என் வாய்ஸ் எப்படி இருக்கு?"

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு சார். ஹாரன் சத்தம்கூட இல்ல."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீரா என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமலே அதைச் சொல்லியிருக்கலாம்.

"சரி, சொல்லு. என்ன விஷயம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல சார். நீங்க ஓட்டிட்டு வாங்க. வந்து இறங்கினதும் சொல்றேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டான். ஒரகடம் வரை யாரும் அழைக்கவில்லை. சார் ஒன்றும் பேசவில்லை. வல்லக்கோட்டைக்கு வழி பிரியும் பலகையைக்கூட அன்றுதான் முதல்முதலாகக் கவனித்தவர்போல் வாய்விட்டுப் படித்தார். கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியதும் லேப்டாப்பைத் திறந்து கடைசி வரிசையைப் பூர்த்தி செய்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

கருவி: ஓகே. எதிர்முனை: என்.ஜி. திருத்த நடவடிக்கை: டிரெய்னிக்குப் பயிற்சி கொடுக்கவும்.