தலைவர் எந்த வண்டி?

கேள்வி: ஓடும் கார்கள் ரேடியோவில் குழு சேர்ந்து பேசுமாமே, குழு கலையாதா? (வாசகர், சோளிங்கர்)

பதில்: குழுவுக்குத் தலைவராக ஒரு வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சட்டென்று கலையாது!

வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். ரேடியோ முன்னும் பின்னும் 300 மீட்டர் எட்டும் என்றால், 80 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரு கார்களின் தொடர்பு 13.5 விநாடியில் அறுந்துவிடும். ஒரே திசையில் 80-லும் 60-லும் போனால் 108 விநாடி தாங்கும். ஆகவே எதிர்த்திசை வண்டியைச் சேர்ப்பதே வீண். அக்கம்பக்கத்து வண்டிகளோடு ஒட்டிப்போகிற வண்டிதான் தலைவர். முந்திப் பறக்கிற வண்டி அல்ல. 2001-ல் வந்த 'மோபிக்' முறை, சிக்னலின் வலு கூடிக் குறைவதை வைத்தே இதைக் கணித்தது.

இரு தலைவர்கள் நெருங்கினாலும் உடனே பதவி பறிபோகாது. கொஞ்சம் பொறுத்து, அப்போதும் பக்கத்திலேயே இருந்தால்தான் ஒருவர் விலகுவார்.

கார்த்திகை ஞாயிறன்று கோயில் கூட்டத்தில் உங்கள் ஊர்க் கொண்டபாளையம் மலையடிவாரத்தில் ஊர்ந்து நிற்கும் வண்டிகளுக்குச் சிக்கலே வேறு: எல்லாம் ஒரே நேரத்தில் பேசி அலைவரிசை நெரிந்துவிடும்.