சிவிங்கிப்புலி காத்த செம்மல்

கென்யாவின் மசாய் மாராவுக்கு எழுந்தருளும் சுற்றுலாப் பெருமகனே, உங்கள் ஜீவகாருண்யத்துக்கு ஈடு உண்டா?

புல்லுக்குள் ஒரு சிவிங்கிப்புலி வேட்டைக்குப் பதுங்கினால் போதும், நாலு திசையிலிருந்தும் வண்டிகள் பறந்து வந்து சூழ்ந்துகொள்கின்றன. பாவம், அது தனியாகச் சாப்பிடக் கூடாதே என்ற பரிவு! அந்த அமளியில் மான் தப்பிவிடுகிறது. ஓர் உயிரைக் காத்த புண்ணியமும் உங்களுக்கே. மாராவில் நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. சுற்றுலா நெரிசல் குறைந்த இடங்களில் ஒரு தாய் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறதாம். நெரிசல் மிகுந்த இடங்களில் 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. நம் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்குக்கூட இப்படி ஒரு சாதனை வாய்த்ததில்லை.

ஆற்றங்கரையில் உங்கள் அருள் இன்னும் பெரிது. செரெங்கெட்டியிலிருந்து நடந்து வந்த வில்டபீஸ்ட் மந்தை மாரா ஆற்றில் இறங்கும் துறையிலேயே வண்டியை நிறுத்தி, முதலை வாயில் விழாதபடி அதைத் திருப்பி அனுப்புகிறீர்கள். மிரண்ட மந்தை செங்குத்துக் கரையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டால், அது அதன் அவசரம். ஜூலை முதல் டிசம்பர்வரை வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். அதைக் கட்டியவர் ஓரமாக நின்று பார்ப்பதா?

பக்கத்திலேயே சில கருமிகள் இருக்கிறார்கள். நபோய்ஷோ, ஓல் கின்யெய் போன்ற காப்பகங்களில் நிலம் மசாய் குடும்பங்களுடையது. அதை விடுதிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குகிறார்கள். ஒரு விலங்கருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாதாம், விடுதியில் கட்டிலுக்கும் கணக்காம். தங்கள் மாட்டையே நினைத்த இடத்தில் மேய்க்காமல், முறைவைத்துப் புல்லை விட்டுவைக்கிறார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள். 2020-இல் விமானங்கள் நின்றன, நீங்கள் வரவில்லை. பல காப்பகங்களில் வாடகை குறைந்தது. சிங்கங்கள் மட்டும் அவர்கள் மாட்டை அடிப்பதைக் குறைத்துக்கொள்ளவில்லை. அப்போதும் அந்த நிலத்தை வேலியிட்டு விற்றுத் தொலைக்காமல் வைத்திருந்தவர்களை எந்த விளம்பரப் படத்திலும் தேடாதீர்கள். அங்கே சிவப்புப் போர்வையோடு குதித்து ஆடுவதுதான் அவர்களுக்கு நீங்கள் கொடுத்த வேலை.

ஆகவே, வள்ளலே, அடுத்த முறை வரும்போது டிப்ஸைத் தாராளமாக எடுத்து வாருங்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது ஓட்டுநருக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போப்பா" என்று நீங்கள் சொன்னால்தான் அவர் இறங்குவார்.