தம்புராவைக் காணோம்

1980-களில் ஹெட்போன் வாங்குவது சுலபம். சென்னை பர்மா பஜாருக்குப் போவோம். கடைக்காரர் கையில் கிடைத்த ஒன்றை எடுத்து நீட்டுவார். பாதி விலைக்குக் கேட்போம், முறைப்பார், முக்கால் விலைக்குப் படியும். "கேரண்டி உண்டா?" என்றால், "பீச் ஸ்டேஷன் வரைக்கும் உண்டு" என்பார். மெல்லிய தகட்டு வளையம், இரு முனையிலும் ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு. கொஞ்ச நாளில் அது உதிர்ந்து காதோரமெல்லாம் பொடி அப்பிக்கொள்ளும். ஆனாலும் கேசட் இரைச்சலுக்கு நடுவே பாடகர் செம்மங்குடியின் குரல் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரிதான் கேட்கும். ஸ்பாஞ்சு காதை அடைக்காது, காற்று போய்வரும், அதுதான் சூட்சுமம். அதற்கு 'ஓப்பன் பேக்' என்று பெயர் வைத்துக் கூடுதலாகக் காசு கேட்கலாம் என்று அப்போது பஜாரில் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ரிச்சி தெருவில் ஒரு தம்பி நூறு பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். "இத பாருங்க சார், எக்ஸ்ட்ரா பாஸ். தலையே அதிரும்!" தலை அதிர வேண்டுமென்று நான் கேட்கவில்லை. போனில் ஒரு கல்யாணி ஆலாபனையைப் போட்டேன். ஆலாபனை முடிந்து மிருதங்கம் சேர்ந்ததும் அதன் இடப்பக்கத் தொப்பி குமுறியது, தம்புராவைக் காணோம். தம்புராவின் உயிரே தந்திக்கடியில் செருகும் ஜீவா நூல் எழுப்பும் மேல் ஸ்வரங்களில்தான் இருக்கிறது. பாஸை ஏற்றினால் முதலில் அமுங்குவது அது.

இன்னொரு பெட்டியில் '40,000 ஹெர்ட்ஸ்' என்று பொன்னெழுத்து. இளங்காதுக்கே 20,000 தான் எல்லை. அறுபதைத் தாண்டிய என் காது 12,000-ஐ எட்டினாலே பெரிது. மிச்சத்தை எங்கள் தெரு நாய் அனுபவிக்கலாம், அதற்குக் கேட்கும். சங்கீதம் தெரிந்த நண்பர்கள் சிலர் 300 ஓம் மின்மறுப்புள்ள ஹெட்போனைச் சிபாரிசு செய்வார்கள். அதைப் போனில் சொருகினால் முனகும். தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டும். அதற்குப் பதில், 1984-இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ ஹெட்போன் இன்னும் அதே ஸ்பாஞ்சோடு விற்கிறது. 60 ஓம்தான், போனே போதும்.

வாங்கப் போகிறவர்கள் மனப்பாடமான ஒரு கச்சேரியைப் போனில் கொண்டுபோங்கள். பாடகர் வாய் திறக்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளைக் கவனியுங்கள். அதன் தந்திகளான பஞ்சமமும் சாரணியும் மந்தரமும் தனித்தனியாகக் கேட்டால் பணத்தைக் கொடுங்கள். பஸ்ஸில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓப்பன் பேக்கில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பாட்டுக் கேட்கும்.