முட்டைக்குள் மீன்

கேள்வி: கடலில் மீன் குறைந்துவிட்டது என்று புலம்புகிறார்களே, நாமக்கல்காரனான எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் அலையைப் பார்த்ததே சினிமாவில்தான்!

பதில்: காலையில் ஆம்லெட் சாப்பிட்டீர்களா? சம்பந்தம் தட்டிலேயே இருக்கிறது. இழுவலையின் பையை அவிழ்த்துப் படகில் கொட்டியதும் இறால், கணவாயைப் பொறுக்கிக்கொள்வார்கள். மிச்சம் விரல் நீளக் காரல், சங்கராக் குஞ்சு, பொடி நண்டு. பெயர் ‘கழிசல்’. முன்பு கடலிலேயே தள்ளிவிடுவார்கள். விலை கிடைத்ததும் அது மணலில் காய்ந்து, மூட்டையாகி, லாரி ஏறி உங்கள் ஊர்க் கோழித் தீவனத்தில் கலந்தது. இறால் சிக்காத நாளிலும் டீசல் காசைக் கழிசல் ஈடுகட்டுகிறது. மீன் குறைந்தாலும் படகு நிற்பதில்லை. வினையே அங்கேதான்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை போட்டு மீனை முட்டையிட விடுகிறோம். 62-ஆம் நாள் குஞ்சை அள்ளுகிறோம்! வலைப்பையின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதென்று விதி இருக்கிறது. கழிசலைப் பார்த்தால் பல வலைகளுக்குக் கண் பார்வை மங்கல் போலும். கேரளம் 58 வகைகளுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவே நிர்ணயித்திருக்கிறது.

கருவாட்டுக்குப் பதில் சோயாப் புண்ணாக்கு போட்டாலும் கோழி முட்டையிடும். மீன் கேட்டு எந்தக் கோழியும் இதுவரை மறியல் செய்ததில்லை.