பரண் மேல் ஏணி

எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட கர்வத்தில், "இதுக்குள்ளே பார், எது எங்கேன்னு ஒரு விதி இருக்கு" என்று மனைவிக்குப் பிரசங்கம் செய்தேன்.

திரையில் இருந்த ஃபோல்டர்களை அவள் எட்டிப் பார்த்தாள். "யூஎஸ்ஆர்னா யூசர்தானே? உங்க ஃபைலெல்லாம் இதிலயா?"

"இல்லை, அது ஹோம்ல. இதுல புரோகிராம்."

"அப்போ பின்னுன்னு ஒண்ணு இருக்கே?"

"அதுலயும் புரோகிராம்தான்."

"ஹார்லிக்ஸ் பாட்டில்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் விடுவேனா? பின்னாலேயே போய்ச் சரித்திரம் சொன்னேன். 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸை வளர்த்தபோது, டிஸ்க்கில் இன்றைய செல்போன் படம் ஒன்று அடங்குவதே கடினம். முதல் டிஸ்க் நிரம்பியதும், இரண்டாவது டிஸ்க்கில் ஆட்களின் சொந்த ஃபைல்கள் இருந்த யூஎஸ்ஆரில் சிஸ்டமும் போய் ஒண்டிக்கொண்டது. ஆட்கள் பிற்பாடு ஹோமுக்குக் குடிபெயர்ந்தார்கள். பேர் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் இரண்டாவது டிஸ்க்கை இணைக்கும் கருவி முதல் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும்; அதனால் பின் அங்கேயே நின்றது. பரணில் ஏறும் ஏணியைப் பரணிலா வைப்பார்கள்?

டிஸ்க் பெருத்த பிறகு இந்தப் பாகப்பிரிவினை எதற்கு என்று 2012இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் பதிப்பு பின்னை யூஎஸ்ஆருக்குள் சேர்த்து, பழைய இடத்தில் 'சாமான் அங்கே இருக்கிறது' என்று ஒரு சிம்லிங்க்கை வைத்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ்காரர்கள் பல வருஷம் மல்லுக்கட்டி, 2023இல் 12ஆம் பதிப்பில்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். பழைய யூனிக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் சீர்திருத்தம் தொடங்கியது. பருப்பை மேல்தட்டுக்கு மாற்றி, பழைய இடத்தில் சீட்டு ஒட்டினேன். சாம்பாருக்குக் கையை விட்ட மனைவி சீட்டைத்தான் எடுத்தாள். "இதை வேகவைக்கவா?"

அந்த வேகத்தில், வேண்டாத சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றினேன். வெள்ளையடிக்க வந்த பெயின்டரின் ஏணியில் நின்று, இடத்தை அடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஏணியையும் மேலே தள்ளினேன். சாயங்காலம் பெயின்டர் தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்தில் யாரிடமாவது ஏணி இருந்தால் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன்.