ஆர்க்கிடெக்ட் தம்பி

சந்தவாசலில் படவேட்டுக்குப் பிரிகிற சாலையில் ஒரு மாடி வீடு. ஜவ்வாது மலையைப் பார்த்தபடி லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரை ஊரே ‘ஆர்க்கிடெக்ட் தம்பி’ என்கிறது. வீட்டு பிளான் போட்டுத் தரச் சொல்லி வந்து ஏமாந்தவர்கள் உண்டு. கொரோனாவில் பெங்களூரிலிருந்து வந்தவர் கட்டுவது மென்பொருள். அதிலும், திண்ணை கேட்டால் ராஜகோபுரத்துக்குக் கடைக்கால் தோண்டுகிற ரகம்.

பால் சொசைட்டி செயலாளர் ஒருநாள் மாடியேறினார்.

“தம்பி, யாரு எத்தனை லிட்டர் ஊத்துனாங்க, ஃபேட் எவ்ளோ, எஸ்.என்.எஃப். எவ்ளோ, பட்டுவாடா அன்னிக்கு யாருக்கு எவ்ளோ தரணும். அவ்ளோதான். நோட்டுல கூட்டிக் கூட்டி கண்ணு பூத்துப்போச்சு.”

“எத்தனை பேருண்ணா ஊத்தறாங்க?”

“எண்பது பேரு.”

“எட்டு லட்சம் ஆயிட்டா?”

செயலாளர் யோசித்தார். “அம்மாம் மாட்டுக்குத் தீவனத்துக்கு எங்க போறது தம்பி?”

“அப்படியில்லண்ணா. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வர்ற கூட்டம் மொத்தமும் திடீர்னு பால் ஊத்த வந்துட்டா? சிஸ்டம் தாங்கணும்ல?”

வேலை தொடங்கியது. ஃபேட்டுக்கென்று தனியாக ஓடும் ஒரு குட்டி நிரல், அதாவது மைக்ரோசர்வீஸ்; பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்.என்.எஃபுக்கு இன்னொன்று. இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் காஃப்கா. மொத்தத்தையும் மேய்க்கக் குபர்னெட்டிஸ். மாடு மேய்க்கவே ஆள் கிடைக்காத ஊரில் சர்வர் மேய்க்க இவ்வளவு ஏற்பாடு! பால் ஊற்றுமுன் ஓடிபி வேறு. விடியற்காலை கேனோடு ஆயா நிற்கிறாள், ஓடிபி சென்னையிலிருக்கும் மகன் போனுக்குப் போகிறது, அவன் தூங்குகிறான்.

“தம்பி, உங்க போனுக்குள்ளயே எஸ்க்யூலைட்னு ஒரு தரவுத்தளம் இருக்கு. 2000இல் ரிச்சர்டு ஹிப் வெளியிட்டது. சர்வரே வேண்டாம், தரவெல்லாம் ஒரே கோப்புல அடங்கிடும். எண்பது பேருக்கு அது போதாதா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்ணா” என்றார், அதே போனைத் தடவிக்கொண்டு.

விடாமல் 1986ஆம் வருஷக் கதையைச் சொன்னேன். ஒரு கட்டுரையில் எந்தச் சொற்கள் அதிகம் வருகின்றன என்று எண்ண, கணினி மேதை டொனால்ட் நூத் பக்கம் பக்கமாக அழகான நிரல் எழுதினார். அதை விமர்சிக்க வந்த டக் மெக்கில்ராய், மனதாரப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு யூனிக்ஸ் கட்டளைகளை வரிசையாகக் கோத்து முடித்துக் காட்டினார். அப்படிக் கோக்க உதவும் பைப் என்ற யோசனையை யூனிக்ஸுக்குத் தந்தவரே அவர்தான்.

தம்பி உதட்டைப் பிதுக்கினார். “அவருக்கு ஸ்கேல் பண்ணத் தெரியலண்ணா.”

தம்பியை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தொழிலின் நெளிவுசுளிவு அறிந்தவர். ‘நூறு வரியில் முடித்தேன்’ என்று ரெஸ்யூமேயில் எழுதினால், ‘அவ்வளவுதானா?’ என்பார்கள். ‘பதினேழு மைக்ரோசர்வீஸ்’ என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். எதைச் சேர்த்தாய் என்று கேட்கிற இன்டர்வியூவில், எதை வேண்டாமென்று விட்டாய் என்று கேட்க ஆளில்லை.

அந்த மென்பொருளில் இதுவரை ஒரு லிட்டர் பால்கூட ஏறவில்லை. அதைக் காட்டி வாங்கிய புது வேலையில் தம்பிக்குச் சம்பளம் ஏறிவிட்டது.